கொய்யா மரத்தடிச் சோறு

ஒரு பிடி சோற்றைப் பற்றிய வழக்கு இது. கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

தாம்பரத்தைத் தாண்டிய புறநகரில் ஒரு தனி வீடு. பின்பக்க மதிலை ஒட்டிக் கொய்யா மரம். அந்த வீட்டுச் சிவகுருநாதனுக்கு ஓய்வு பெற்றபின் ஒரே வேலை, அணில்களோடு மல்லுக்கட்டுவதுதான். மரத்தில் மிளகாய்ப்பொடி தூவினார், தும்மியது அவர்தான். கடைசியாகப் பழைய குடையின் கறுப்புத் துணியைக் கிழித்துக் காய்களுக்கு உறையாகக் கட்டினார். அணில்கள் துணியைக் கடித்துப் பழத்தைத் தின்றன. அடுத்த வாரம் மாரடைப்பில் அவர் போய்விட்டார்.

போன அன்று காலை அவர் இன்னொரு காபி கேட்டிருந்தார். சர்க்கரை நோய்க்காரருக்கு எதற்கு என்று மனைவி தையல்நாயகி மறுத்துவிட்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அழவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

மாதத் திதி வந்தது. மதில்மேல் காக்கைக்குச் சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் வீட்டார் சாப்பிட வேண்டும். காக்கை வரவில்லை; அணில்கள் தின்றுவிட்டுப் போயின. அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதமும் அதே கதையாக, இறந்தவரின் தம்பி ஞானவேல் எலிக்கூண்டு வைத்து இரண்டு அணில்களையும் பிடித்து ஏரிக்கு அப்பால் விட்டுவந்தான். முதுகில் மூன்று கோடு போட்டுக்கொண்டு வருவதைக் கொல்ல யாருக்குக் கை வரும்?

நான்காம் திதி. அணில் இல்லை. காக்கையும் இல்லை. மணி இரண்டாகி, சோறு காய்ந்துவிட்டது.

"இனிமே அணில் மேல பழி போட முடியாது. போன தம்பிக்கு உம்மேலதான் ஏதோ குறை. என்ன பண்ணினே அவன?" என்று தையல்நாயகியைக் கேட்டாள் இறந்தவரின் அக்கா அஞ்சுகம்.

தையல்நாயகிக்கு அந்தக் காபி நினைவு வந்தது. வலிக்க வேண்டும் என்று தெரிந்தது, வலிக்கவில்லை.

ஞானவேல் மரத்தை அண்ணாந்து பார்த்தான். பழங்கள் எப்போதோ உதிர்ந்துவிட, குடைத்துணி மட்டும் சோற்றுக்கு நேர்மேலே கந்தலாகத் தொங்கியது.

"அக்கா, செத்த காக்காயக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு! அதான் கிட்ட வரல. ஆனா அண்ணன் கையால கட்டினது, அவிழ்க்க வேணாம். சோத்த நான் ஏரிக்கரைக்குக் கொண்டுபோறேன்."

"அதெல்லாம் வேணாம். அவிழ்த்துப் போட்டுட்டுக் காத்திருப்போம். காக்கா வந்தா நான் சொன்னது தப்பு," என்றாள் அஞ்சுகம்.

தையல்நாயகி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஒவ்வொரு முடிச்சையும் தானே அவிழ்த்தாள். இறங்கி, வானத்தைப் பார்க்காமல் உள்ளே போய் இலை போட்டாள்.

"அண்ணி, வாங்க. சாப்பிடலாம்," என்று அஞ்சுகத்தைக் கூப்பிட்டாள்.

சோற்றை ஏரிக்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னவன், காக்கைக்குக் காத்திருக்கச் சொன்னவள், காத்திராமல் இலை போட்டவள். இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

தையல்நாயகி பக்கம்தான். ஞானவேலின் யோசனை முடிச்சைக் காப்பாற்றும்; பழியைத் துடைக்காது. அஞ்சுகமோ துணிக்குப் பயந்த பறவையை நீதிபதியாக உட்கார வைக்கிறாள். அன்றைக்கு வேறெங்காவது தின்றுவிட்டு அது வராமல் போனால், ஒருத்தி ஆயுளுக்கும் குற்றவாளி. போனவருக்கு மனக்குறை இருந்ததா என்பது கூடவே வாழ்ந்தவளுக்கே தெரியாதபோது, காக்கைக்கு எப்படித் தெரியும்? அன்று அவள் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள். நான்கு மாதத்தில் அப்போதுதான் அவளுக்குப் பசித்தது.