கடைசியாக மிஞ்சிய பெயர்

பொதிகை அடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அதன் குரு வெள்ளையம்மைக்கு முப்பத்தைந்து வயதுதான். அவளிடம் சீடராக வந்த கோமதிநாயகத்துக்கோ அறுபது தாண்டியிருந்தது. கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“இங்கே தங்குறதுக்கு முன்னாடி அந்த போனைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணுங்க ஐயா. யார் யாரையெல்லாமோ ஃபாலோ பண்றீங்க. வேண்டாதவங்களை விட்டுடுங்க” என்றாள் அவள்.

அவர் மாமரத்தடியில் உட்கார்ந்தார். கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. சமையல் பக்கங்கள் ஒரு பிரிவு, கோயில்கள் ஒரு பிரிவு. அரசியல் பேசுகிறவர்களைத் தனியாகவும் அரசியல் கத்துகிறவர்களைத் தனியாகவும் வைத்தார்.

சாயங்காலம் அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“விடச் சொன்னா, அடுக்கி வெச்சிருக்கீங்களே!”

“அடுக்கினாத்தானே தாயே, எதை விடறதுன்னு தெரியும்?”

“சரிதான். நூலகர் ரிட்டயர் ஆயிட்டார், அலமாரி இன்னும் ஆகலை.”

அவர் வெட்கத்தோடு சிரித்தார். ஒவ்வொரு பிரிவாக நீக்கிக்கொண்டே வந்தார். நினைத்ததை விட அது சுலபமாக இருந்தது. கடைசியில் ஒரு பெயரில் விரல் நின்றுவிட்டது.

“இது யாரு?”

“என் மக, தமயந்தி. எந்தப் பிரிவிலயும் சேர மாட்டேங்குது.”

“பெத்த பொண்ணுதானே, இருந்துட்டுப் போகட்டுமே.”

“அவ இறந்து ரெண்டு வருஷமாச்சு தாயே.”

வெள்ளையம்மை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள்.

“பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுதே.”

“விளக்கு வைக்கிற நேரத்துல தினமும் எரியும்.”

“அவ போன் யார்கிட்ட இருக்கு?”

“விபத்துல அவளோடயே நொறுங்கிப் போச்சு. பாஸ்வேர்டு அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.” அவர் குரல் தாழ்ந்தது. “இன்னொண்ணும் இருக்கு. அவ ஃபாலோ பண்ணிட்டிருந்தவங்களும் ஒவ்வொருத்தரா குறையறாங்க. முதல்ல துணிக்கடைங்க, பாட்டுக்காரங்க. அப்புறம் ஆபீஸ் சிநேகிதிங்க. பொங்கல் சமயத்துல அவ புருஷன் பேரு போச்சு. போன வாரம் அவ அம்மா பேரு.”

“இப்ப யாரு மிச்சம்?”

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அங்கே ஒரே ஒரு முகம் இருந்தது. அவருடைய முகம்.

மாமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. உள்ளே யாரோ விளக்கேற்றினார்கள்.

“இன்னிக்கு என்னையும் விட்டுடுவாளோன்னு பயந்து பயந்து பார்க்கறேன். இருக்கேன்னு தெரிஞ்சா, அதுவும் பயமா இருக்கு. நானா அவளை விடவும் கை வரலை. என்னை மட்டும் ஏன் தாயே வெச்சிருக்கா?”



“கட்டிக்கொடுத்த பிறகு அவ உங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறப்ப, எவ்வளவு நேரம் வாசல்ல நிப்பீங்க?”

“தெருமுனை திரும்பி மறையற வரைக்கும்.”

“அவ?”

“நாலடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்ப்பா. நான் நிக்கறேன்னு தெரிஞ்சா அங்கேயே நின்னு கையசைப்பா. பல தடவை பஸ்ஸையே விட்டிருக்கா...”

சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். பச்சைப் புள்ளி அணையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளையம்மை எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

“இருட்டப் போகுது ஐயா. பொண்ணு தெருமுனையிலயே நிக்கறா. நீங்க உள்ளே போங்க.”