இரண்டு மணிக்குக் கடையடைத்த மலைநகரம்

எங்கள் ஊர் மேட்டுக்காவனூரில் மூளைக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். பஞ்சமெல்லாம் இல்லை. இருக்கிற மூளையைப் பத்திரமாக வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, காலித் தலையோடு பேரூராட்சி மன்றத்துக்குப் போவதுதான் எங்கள் வழக்கம். மன்ற உறுப்பினர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

ஊருக்கு மேற்கே ஒரு கல்மலை இருந்தது. உச்சியில் இடிந்த கோட்டைச் சுவர், அதன் அடியில் ஒரு சுனை. சாயங்காலம் நாலு மணிக்கு அதன் நிழல் என் வீட்டு முற்றத்துக்கு வந்து உட்காரும். அந்த மலையைக் கல்குவாரிக்கு விடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும் ஊரே கொதித்தது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் இத்தாலியில், மலைகளுக்கு நடுவே, மலை உச்சியிலேயே கட்டிய பியெத்ராலுனா என்ற பழங்கால நகரம் எங்களோடு சகோதர நகரமாக இருக்கச் சம்மதித்துக் கடிதம் போட்டது. அந்த ஊர் மேயர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் எங்கள் மலை பாரம்பரியச் சின்னம் ஆகிவிடும், ஒருவரும் வெடி வைக்க முடியாது. மாதக் கடைசிக்குள் அந்தக் காகிதம் கலெக்டர் மேஜைக்கு வரவேண்டும். வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து.

அதை வாங்க நாலு பேரை அனுப்பினோம். முதலாமவர் துணைத் தலைவர் உக்கிரபாண்டி. குரல் பெரிது, மற்றதெல்லாம் சராசரிக்குக் கீழே. இரண்டாமவர் மூன்றாவது வார்டு மாசானமுத்து. மன்றத்தில் யார் எதைச் சொன்னாலும் வழிமொழிகிறவர். விமானத்தில் "காப்பி வேண்டுமா?" என்று கேட்ட பெண்ணிடமும் அதைத்தான் செய்தார். மூன்றாமவர் ஆறாவது வார்டு பேச்சியம்மாள். அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் புத்தி உண்டு, ஆனால் அதை மன்றத்தின் அனுமதி இல்லாமல் பயன்படுத்த மாட்டார். நாலாமவர் எழுத்தர் ஞானதிரவியம். தீர்மானப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடியே தூங்குவார்.

மருமகளின் வளைகாப்பு இருந்ததால் தலைவர் வேலாயுதபெருமாள் போகவில்லை. பதிலாக நாலு கட்டளைகளை எழுதிக் கொடுத்தார். பொன்னாடையை மேயருக்கு மட்டுமே போர்த்த வேண்டும். அந்த ஊரில் நல்லது கெட்டது எது நடந்தாலும் முன்வரிசையில் நிற்க வேண்டும். ஏகமனதாக எடுத்த முடிவைத் தன் அனுமதியில்லாமல் மாற்றக்கூடாது. வளைகாப்பு முடியும்வரை தன்னைப் போனில் கூப்பிடக்கூடாது.

அங்கே அவர்களுக்கு வேன் ஓட்டவும் மொழிபெயர்க்கவும் கிடைத்தவர் சந்திரகாசன். யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடமாக இத்தாலியில் இருக்கிறவர். நாலு பேரையும் கோட்டை வாசலில் இறக்கிவிட்டு அவர் சொன்னார்: "உள்ளுக்கு வாகனம் விடமாட்டினம் அண்ணை. நீங்கள் மேல ஏறிப்போய் சதுக்கத்தில இருங்கோ. மேயர் அஞ்சு மணிக்கு வருவார், நானும் வாறன்."

கல் பாவிய சந்துகளில் மூச்சு வாங்க ஏறி அவர்கள் சதுக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. எதிரே நகரமன்றம், அதன்மேல் மணிக்கூண்டு, சுற்றிலும் எழுநூறு வருடத்துக் கட்டடங்கள். அவற்றில் ஒன்றையும் இவர்கள் பார்க்கவில்லை. இவர்கள் கண்ணில் பட்டது ஷட்டர்கள். இறைச்சிக்கடை, ரொட்டிக்கடை, மருந்துக்கடை என்று சதுக்கத்தைச் சுற்றி எல்லாக் கடைக்கும் ஷட்டர் இறங்கியிருந்தது. வீடுகளின் ஜன்னல்கள்கூடச் சாத்தியிருந்தன. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஊரோடு படுத்துத் தூங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். ஐந்து மணிக்கு மறுபடி கடை திறப்பார்கள். ஆனால் பட்டப்பகலில் ஷட்டர் இறங்கினால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே ஒரு பொருள்தான் தெரியும்.

"பெரிய தலைவர் யாரோ போயிட்டாரு," என்றார் உக்கிரபாண்டி.

"வழிமொழியுதேன்," என்றார் மாசானமுத்து.

"வெறும் கடையடைப்பா இருக்கும் அண்ணாச்சி," என்றார் பேச்சியம்மாள்.

"கடையடைப்புன்னா டீக்கடைக்காரன் பாதி ஷட்டர் தூக்கி வச்சிருப்பாம்லா? இங்க முழுசா இறக்கியிருக்கான். இது சாவுதான்."

நாலு பேரும் தடயம் தேடினார்கள். நகரமன்றத்தின் உச்சியில் காற்றில்லாமல் கொடி துவண்டு கிடந்தது. ஓர் ஓரத்தில் நாய் ஒன்று குரைக்காமல் படுத்திருந்தது. கறுப்பு உடை போட்ட ஒரு கிழவி சர்ச்சுக்குள் நுழைந்தாள். "ஏய், யாருப்பா செத்தது?" என்று உக்கிரபாண்டி ஊர் அதிரக் கேட்டார். மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. பனியன் போட்ட ஓர் ஆள் வீங்கிய கண்களோடு எட்டிப்பார்த்து, வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு மறுபடி சாத்திக்கொண்டான்.

"பாத்தீங்களா, அழுது அழுது கண்ணு வீங்கிப் போச்சு," என்றார் மாசானமுத்து.

யார் இறந்தது என்பதை ஞானதிரவியம் கண்டுபிடித்தார். நகரமன்றக் கதவில் மேயரின் படம் ஒட்டியிருந்தது. சிரித்த முகம். படத்துக்குக் கீழே என்னவோ எழுத்து, அதையடுத்து 2 - 5 என்று இரண்டே எண்கள்.

"ரெண்டு மணிக்குக் காலமாயிட்டாரு," என்று வாசித்தார் ஞானதிரவியம். "அஞ்சு மணிக்கு அடக்கம்."

"அதான் அஞ்சு மணிக்கு வருவாருன்னு வேன்காரர் சொன்னாரு," என்றார் உக்கிரபாண்டி. "கொண்டு வருவாங்கன்னு நம்மகிட்ட சொல்ல மனசு வரலை."

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு வழி இருந்திருக்கும். நிற்கவில்லை. கட்டளைப்படி நல்லது கெட்டதில் முன்வரிசையில் நிற்க வேண்டுமே! மாசானமுத்து தன் கறுப்புக் காலுறையில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். பேச்சியம்மாள் அதை நாலாக வெட்டி, ஊக்கு குத்தி, நாலு பேர் சட்டையிலும் சேலையிலும் துக்கச் சின்னமாக மாட்டினார். மேயரை வரவேற்கக் கொண்டுபோன சந்தன மாலை இருப்பவருக்கும் ஆகும், இல்லாதவருக்கும் ஆகும் என்பதால் அதில் சிக்கல் வரவில்லை. படத்துக்கு மாட்டினார்கள். பொன்னாடையையும் படத்தின்மேலேயே போர்த்தினார்கள், மேயரைத் தவிர வேறு யாருக்கும் போர்த்தக்கூடாது அல்லவா.

பிறகு அங்கேயே படிக்கட்டில் மன்றம் கூடியது. மேயரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தும், அவருக்கு மேட்டுக்காவனூரில் கல்லால் ஒரு நினைவு மண்டபம் எழுப்புவதென்றும் உக்கிரபாண்டி முன்மொழிந்தார். மாசானமுத்து என்ன செய்தார் என்று சொல்லத் தேவையில்லை. தீர்மானம் நாற்பத்தேழு ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்து இரண்டு நிமிட மௌன அஞ்சலி.

"நேரம் எதுல பாக்கது?" என்று கேட்டார் பேச்சியம்மாள். "நம்ம கைக்கடிகாரம் எல்லாம் நம்மூர் நேரம் காட்டுது."

"செத்தது இந்த ஊர் ஆளு. இந்த ஊர்க் கடிகாரத்துல பாக்கதுதான் மரியாதை," என்றார் உக்கிரபாண்டி.

மணிக்கூண்டு இரண்டு பத்து காட்டியது. அது இரண்டு பன்னிரண்டு ஆகும்வரை பேசுவதில்லை என்று முடிவெடுத்து, தலைகுனிந்து, ஓரக்கண்ணால் முள்ளைப் பார்த்தபடி நின்றார்கள். அந்தக் கடிகாரம் ஓடி எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது என்பது பியெத்ராலுனாவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நாலு பேரும் நின்றார்கள். ஒரு கையெழுத்துக்காக நாலாயிரத்து ஐநூறு மைல் தாண்டிப் போனவர்கள், ஓடாத கடிகாரத்துக்குக் கீழே ஏறக்குறைய மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்கள். இதை எனக்குச் சொன்ன ஞானதிரவியம் பெருமையாகத்தான் சொன்னார். ஒருத்தர்கூட இருமவில்லையாம்.

ஐந்து மணிக்கு ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறின. கொட்டாவி விட்டபடி வெளியே வந்த சனம், நகரமன்ற வாசலில் நாலு வெளிநாட்டுக்காரர்கள் கறுப்புத் துணி குத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தது. யாரோ பாவம் என்று தொப்பியைக் கழற்றிவிட்டு அவர்களும் பின்னால் நின்றார்கள். கூட்டம் சேர்ந்தது. கடைசியில் ஒரு குண்டு மனிதர் வந்தார். அவரும் தொப்பியைக் கழற்றி, பக்கத்தில் இருந்தவரிடம் யார் இறந்தது என்று மெல்லக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் கதவில் இருந்த படத்தைக் காட்டினார். மேயர் தன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

சந்திரகாசன் ஓடிவந்தார். "என்ன அண்ணை செய்து வைச்சிருக்கிறியள்?"

நாலு பேரும் பதில் சொல்லவில்லை. முள் இன்னும் நகரவில்லை.

"அந்த மணிக்கூடு உலகப் போரோட நிண்டுபோச்சுது அண்ணை! வாயைத் திறவுங்கோ!"

அப்புறம்தான் மௌனம் கலைந்தது. சந்திரகாசன் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினார். இரண்டிலிருந்து ஐந்துவரை அலுவலகம் பூட்டு என்பதே அந்த அறிவிப்பு. ஊர் தூங்கியது. மேயரும் தூங்கினார். இப்போது எழுந்து வந்து, பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒப்பந்தம் எங்கே?

ஒப்பந்தம் உக்கிரபாண்டியின் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் முடிந்தது, என் மலை பிழைத்தது. அவர் ஞானதிரவியத்தைப் பார்த்தார்.

"இதுல ஒரு சட்டச் சிக்கல் இருக்கு அண்ணாச்சி," என்றார் ஞானதிரவியம். "தீர்மானம் நாற்பத்தேழுபடி இவரு காலமாயிட்டாரு. காலமானவர் கையெழுத்து செல்லாது."

"மனுசன் உயிரோட முன்னால நிக்கிறாரெல்லே!" என்று கத்தினார் சந்திரகாசன்.

உக்கிரபாண்டி மேயரின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "நாடி இருக்கு. ஆனா நாடி தீர்மானத்துல இல்லையே."

"எங்க வீட்டுக்காரரும்தான் மத்தியானம் தூங்குதாரு. அதுக்காக நான் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கேனா?" என்றார் பேச்சியம்மாள்.

"அக்கா, நீங்களும்தானே கை தூக்குனீங்க?" என்றார் ஞானதிரவியம்.

"தூக்குனேன்தான்," என்று அடங்கிப்போனார் பேச்சியம்மாள். அந்த ஒரு வாய்ப்பும் அதோடு போயிற்று.

தீர்மானத்தைத் திருத்தத் தலைவரின் அனுமதி வேண்டும். தலைவரைப் போனில் கூப்பிடக் கூடாது. ஒரே வழி, உயிரோடு இருப்பதாக மேயர் ஒரு சான்றிதழ் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றார் ஞானதிரவியம். சந்திரகாசன் மொழிபெயர்த்தார். மேயர் உற்சாகமாக, அந்தச் சான்றிதழை இந்த ஊரில் கொடுக்கும் அதிகாரம் தனக்குத்தான் என்றார்.

"இறந்தவரு தனக்குத் தானே சான்றிதழ் குடுக்க முடியாதுல்லா?" என்றார் ஞானதிரவியம், மிகுந்த வருத்தத்தோடு.

மறுநாள் காலை விமானம். நாலு பேரும் மேயருக்கு ஆறுதல் சொல்லி, கைகுலுக்கிவிட்டுக் கிளம்பினார்கள்.

எங்கள் ஊர் ரயிலடிக்குத் தலைவரே வந்திருந்தார். "கையெழுத்து எங்க?"

"மேயர் தவறிட்டாரு தலைவரே."

"அடடா. நம்ம சார்பில மாலை போட்டீங்களா?"

"போட்டோம்."

"நல்ல காரியம் பண்ணுனீங்க," என்றார் தலைவர். அவ்வளவுதான் விசாரணை.

மாதம் முடிந்தது. குவாரி லாரிகள் வந்தன. மன்றம் முழுவதும் லாரிக்கு முன்னால் படுத்துக்கொண்டது. "எங்க மலையிலிருந்து ஒரு கல்லுகூட வெளியூருக்குப் போக விடமாட்டோம்!" என்று உக்கிரபாண்டி கர்ஜித்தார். லாரிகள் திரும்பிப் போயின. நான் கண் கலங்கிவிட்டேன். இவர்களைப் போய்த் திட்டினோமே என்று வெட்கப்பட்டு, நாலு பேருக்கும் என் கையாலேயே சோடா உடைத்துக் கொடுத்தேன். என்னை என்ன சொல்ல?

அடுத்த வாரம் நினைவு மண்டப வேலை ஆரம்பித்தது. கல் வேண்டும். வெளியூர்க் கல்லில் கட்டினால் மலைக்கு அவமானம் என்று தலைவர் சொல்ல, எங்கள் மலையிலேயே உடைத்தார்கள். வெளிநாட்டுத் தலைவருக்குச் சின்ன மண்டபம் கட்டினால் அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று மாசானமுத்து கவலைப்பட, இன்னும் உடைத்தார்கள். கோட்டைச் சுவர் தூணாயிற்று. சுனை இருந்த பாறை படிக்கட்டாயிற்று. பதினோரு மாதத்தில் மண்டபம் எழும்பியது, மலை முடிந்தது. ஒரு கல் வெளியூருக்குப் போகவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்று மூன்று கூட்டம் போட்டு விவாதித்து, மறைந்த மேயரையே அழைத்தார்கள். மனிதர் நல்லவர், வந்துவிட்டார். கூடவே சந்திரகாசனும். காரை விட்டு இறங்கியதும் மேயர் நாலு பக்கமும் தேடினார்.

"உங்கட மலை எங்கயெண்டு கேக்கிறார்," என்றார் சந்திரகாசன்.

உக்கிரபாண்டி மண்டபச் சுவரைத் தட்டிக் காட்டினார். "முழுசா இங்கதான் இருக்கு. ஒரு கல்லு குறையாது, எண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

மேயர் ரிப்பனை வெட்டினார். தன் படத்துக்குத் தானே மாலை போட்டார். தலைவாழை இலையில் மூன்று பாயசத்தோடு விருந்து நடந்தது. மணி இரண்டு ஆனதும் மனிதர் மண்டபத்துக்குள் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, என் மலையின் குளிர்ந்த கல்மேல் மல்லாந்து படுத்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார்.

முதலில் பார்த்தது மாசானமுத்து. அடிமேல் அடிவைத்து வெளியே வந்து கடைத்தெருவுக்குக் கை காட்டினார். ஷட்டர்கள் வரிசையாக இறங்கின. ஞானதிரவியம் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி, நாற்பத்தேழைக் கண்டுபிடித்து, ஓரத்தில் எழுதினார்: 'இத்தீர்மானம் இன்று பிற்பகல் இரண்டு மணி முதல் முறைப்படி அமலுக்கு வருகிறது.'

"வழிமொழியுதேன்!" என்றார் மாசானமுத்து.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி," என்று பேச்சியம்மாள் பதறிப்போய் வாயில் விரலை வைத்தார். "முழிச்சிட்டாருன்னா மறுபடியும் திருத்தணும்."