வெரி குட், நோ ப்ராப்ளம்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும், உட்கார மரத்தடி வேண்டும் என்று யார் சொன்னது? கொடைக்கானலில் ஒரு பேக்கரியின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஜெயசீலி மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயது. அவளுடைய சீடர் அழகுமலை அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைப்பவர். ஆங்கிலம் பேச வேண்டும் என்ற ஆசை அந்த வயதில்தான் அவருக்கு வந்தது. வந்த ஆசை அவரை விடவில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் புது வார்த்தை இருந்தால்கூடக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து அர்த்தம் கேட்பார்.

அன்று மதியம் வகுப்பே கிடையாது. அழகுமலை மூச்சிரைக்கப் படியேறி வந்தார். மஃப்ளர் ஒரு பக்கமாகத் தொங்கியது.

“மிஸ், இங்கிலீஷ்ல எழவு கேட்கிறது எப்படி?”

ஜெயசீலி அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். மூடி வைத்தாள்.

“யார் சார் இறந்தது?”

“ஆல்பர்ட் சார்.”

அவளுக்கு ஆல்பர்ட்டைத் தெரியும். நேரில் பார்த்ததில்லை. ஆனால் வகுப்பில் வாக்கியம் சொல்லச் சொன்னால் அழகுமலை ஆல்பர்ட்டில்தான் ஆரம்பிப்பார். ஆல்பர்ட் இட்லி சாப்பிடுகிறார், ஆல்பர்ட் நேற்று வந்தார், ஆல்பர்ட் நாளை வருவார். வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் ஸ்காட்லாந்திலிருந்து மனைவி டோரத்தியோடு வந்து, அவர் வீட்டில் பனிக்காலம் முழுக்கத் தங்கிவிட்டுப் போகிற மனிதர்.

“இன்னைக்குக் காலையில டோரத்தியம்மா மட்டும் வந்து இறங்குனாக. நான் கேட்டை முழுசாத் தொறக்கக்கூட இல்ல, ‘வெல்கம் வெல்கம், வேர் இஸ் ஆல்பர்ட் சார்?’னு சத்தமாக் கேட்டுப்புட்டேன். ‘ஹி டைட்’னாக.”

“நீங்க?”

அழகுமலை தரையைப் பார்த்தார்.

“எனக்குப் புரிஞ்சிருச்சு மிஸ். புரியாம இல்ல. ஆனா வாய் முந்திக்கிருச்சு. ‘வெரி குட், வெரி குட், நோ ப்ராப்ளம்’னுட்டேன். சிரிச்சுக்கிட்டே வேற சொன்னேன்.”

வேறு யாராவது கேட்டிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டாவது சிரித்திருப்பார்கள். ஜெயசீலியால் முடியவில்லை. அது அவளுடைய முதல் பாடம். யார் வந்து சேர்ந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவாள்: அவர்கள் எது சொன்னாலும் பயந்து நிற்காதீர்கள், சிரித்த முகத்தோடு இதைச் சொல்லுங்கள், மற்றது தானாக வரும். அழகுமலை அதைக் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தவர்.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. ரூமுக்குள்ள போயிட்டாக. டீ கொண்டுபோனேன், கதவு தொறக்கல. இப்ப என் மகன்கிட்ட, நாளைக்குக் காலையில மதுரை ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி வேணும்னு கேட்டிருக்காக. பனி முடியற வரைக்கும் இருக்க வந்தவுக.” அழகுமலை தொங்கிய மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். “அந்த மனுஷன் செத்ததுக்கு நான் சொன்னது வெரி குட். அதோட அவுக ஊருக்குப் போகக் கூடாது மிஸ். ஒரே ஒரு வாக்கியம் குடுங்க, தப்பில்லாமச் சொல்லிப்புடறேன்.”

ஜெயசீலி சாக்பீஸை எடுத்து போர்டில் எழுதினாள். நிறுத்தி நிறுத்திப் படித்தும் காட்டினாள்.

“ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்.”

“லாஸ்னா நஷ்டம்தானே? வியாபாரம் படுத்துட்ட மாதிரி இருக்கே.”

“அவங்க அப்படித்தான் சொல்வாங்க சார்.”

“சாரிங்கிறது பஸ்ஸுல கால மிதிச்சாச் சொல்றதில்லையா?”

“அதுக்கும் சொல்வாங்க.”

“அதே சாரியா?”

“அதே சாரிதான்.”

அழகுமலை வந்த காரியத்தைக்கூடக் கொஞ்சநேரம் மறந்துபோனார். கால் மிதிபட்டதற்கும் கட்டியவன் போனதற்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த ஜனங்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

“வேற இருக்கா மிஸ்?”

“ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்சஸ்.”

“இது கட்சிக்காரங்க பேனர்ல போடுறது. வேணாம்.”

அவள் இன்னொன்று எழுதினாள். அதில் கடவுள் வந்தார். ஆல்பர்ட்டுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று அதையும் அழகுமலையே தள்ளிவிட்டார். அடுத்தது வாயில் நுழையவில்லை. போர்டு நிறைந்ததுதான் மிச்சம். ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தார். எதைச் சொன்னாலும் ஹோட்டலில் தோசை ஆர்டர் கொடுக்கிற குரல்தான் வந்தது. அவருக்கே அது காதில் விழுந்தது.

ஜெயசீலி சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“உங்க வீட்டுல கடைசியா யார் சார் தவறுனது?”

“எங்கண்ணன்.”

“யார் யார் வந்தாங்க?”

“ஊரே வந்துச்சு.”

“யார் வந்தது மனசுல நிக்குது?”

“பாண்டிதுரை,” என்றார் அழகுமலை, யோசிக்காமல். “பக்கத்து வீடு. வேலித் தகராறுல எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது. அன்னைக்கு நேரா வந்தான். ரெண்டு கையையும் நீட்டுனான். நான் தொட்டேன். பக்கத்துச் சேர்ல சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தான்.”

“என்ன சொன்னாரு?”

“எழவு வீட்டுல என்னத்தைச் சொல்றது? கை குடுக்கிறதுதான் மிஸ் எழவு கேட்கிறது. கெளம்பும்போதுகூடப் போயிட்டு வரேன்னு சொல்லிக்கக் கூடாது. எந்திரிச்சுப் போயிரணும்.”

ஜெயசீலி டஸ்டரை எடுத்தாள். போர்டில் இருந்ததையெல்லாம் மேலிருந்து கீழாக அழித்தாள்.

“மிஸ்! நான் இன்னும் மனப்பாடமே பண்ணலையே!”

“வீட்டுக்குப் போங்க சார்.”

“வெறுங்கையோடயா?”

“ரெண்டு கையோட.”

அழகுமலைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவசரத்துக்கு ஒரு வாக்கியம் தராத டீச்சர் என்ன டீச்சர் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏரியைச் சுற்றி நடந்தார். கை கொடுப்பது ஆம்பளைக்கு ஆம்பளை செய்கிற முறை. ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் போய்க் கையை நீட்டினால் என்ன நினைத்துக்கொள்வாரோ என்று பயம் வேறு. பாதி வழியில், அழிந்துபோன அந்த முதல் வாக்கியத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். நஷ்டம் மட்டும்தான் ஞாபகம் வந்தது.

டோரத்தி அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். கட்டிய பெட்டி பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் ஆல்பர்ட் எப்போதும் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது. அழகுமலை அதைத் தொடவில்லை. வீட்டுக்குள் போய் வேறொரு நாற்காலி கொண்டுவந்து எதிரே போட்டார்.

‘குட் ஈவினிங்’ தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

டோரத்தி அந்தக் கைகளைப் பார்த்தார். இவர் எதையோ கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்திருப்பார். பிறகு முகத்தைப் பார்த்தார். மெதுவாகத் தன் கைகளை எடுத்து அவர் கைகளின் மேல் வைத்தார். அவை ஜில்லென்று இருந்தன. அழகுமலைக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அண்ணனுக்குக்கூட அவர் இப்படி அழவில்லை.

மறுநாள் வகுப்புக்கு அவர்தான் முதல் ஆள்.

“டாக்ஸி வந்துச்சா சார்?” என்றாள் ஜெயசீலி.

“வேணாம்னுட்டாக. காலையில டீ கேட்டு வாங்கிக் குடிச்சாக.” அழகுமலை பெஞ்சில் உட்கார்ந்தார். “நேத்து நான் உட்கார்ந்ததும் பேச ஆரம்பிச்சவுக மிஸ், இருட்டுற வரைக்கும் நிறுத்தல. அழுதாக. ஆல்பர்ட் சார் மாதிரியே பேசிக் காட்டுனாக. அவருக்குத் தெரிஞ்சது ஒரே தமிழ் வார்த்தை, ‘சரி சரி’. பஸ் போயிருச்சுன்னாலும் சரி சரிம்பாரு. செருப்பைக் குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சுன்னாலும் சரி சரிம்பாரு. அதைச் சொல்லிட்டு என்னையக் கையக் காட்டிச் சிரிச்சாக பாருங்க, எனக்கும் சிரிப்பு வந்துருச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் வாயே தொறக்கல. எந்திரிச்சு வரும்போது குட் நைட்கூடச் சொல்லல.”

அவள் தலையாட்டிவிட்டு போர்டுப் பக்கம் திரும்பினாள். அன்றைய பாடத்தின் தலைப்பை எழுதத் தொடங்கினாள்.

“ஆனா ஒரு குறை மிஸ்,” என்றார் அழகுமலை. “அந்த சரி சரியை விட்டா முக்காவாசி எனக்குப் புரியல. எம்புட்டுப் பெரிய விஷயமெல்லாம் சொன்னாகளோ. இன்னும் கொஞ்சம் நல்லாப் படிச்சிருந்தா எல்லாம் புரிஞ்சிருக்கும்ல?”

ஜெயசீலி எழுதுவதை நிறுத்தவில்லை.

“புரிஞ்சிருந்தா பதில் சொல்லியிருப்பீங்களே சார்.”