கடைசிக் கடலைமிட்டாய்

"சுவரைக் கண்டா கால் தானா பிரேக் போடுது, கோச்" என்றாள் மரிய ரோஸ்லின்.

ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டி. பெண்கள் அறுபது மீட்டர் ஓட்டம். காலையில் தட்டுத்தடுமாறி எட்டாவது ஆளாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்திருந்தாள். இறுதி ஓட்டம் மாலை நான்கு மணிக்கு.

அவள் ஓடிப் பழகிய தூத்துக்குடி மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் வெட்டவெளி. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடி நிற்கலாம். இங்கே கோட்டைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் சுவர். ஓடி வருகிறவர்கள் மோதி நிற்பதற்காக அதில் ஆளுயர மெத்தை சாத்தியிருந்தார்கள்.

மெத்தை இருப்பது ரோஸ்லினுக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை.

வயது முப்பத்தொன்று. இந்தத் தடவையும் பதக்கம் இல்லையென்றால் ஓட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கோச் இசக்கியம்மாள் அவளைவிட மூன்று வயது இளையவர். சிஷ்யையை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆறுதல் சொல்ல மட்டும் சுத்தமாக வராது.

"வாங்கக்கா" என்று அரங்குக்குள் கூட்டிப்போனார்.

மதிய இடைவேளை. பயிற்சிக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். கோச் மெத்தையில் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்தார். மூன்று கடலைமிட்டாய் மிச்சம் இருந்தது.

ஊரை விட்டு வந்து பத்து நாள். ரோஸ்லினுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"ஓடி வந்து எடுத்துக்கோங்க."

ஓடினாள். கோட்டுக்கு முன்னாலேயே கால் தயங்கியது.

கோச் ஒரு மிட்டாயை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"என்ன கோச்!"

"பிரேக் போட்டீங்கல்லா."

மறுபடி ஓடினாள். இந்தத் தடவை கோட்டின் மேல் தயங்கினாள்.

இரண்டாவதும் போயிற்று. கோச் ரசித்து மென்றார்.

"இது அநியாயம்."

"இன்னும் ஒண்ணு இருக்குல்லா. சாயங்காலம் இந்த மெத்தைக்கு நேர் மேல, கேலரியில முதல் வரிசையில உக்காந்திருப்பேன். வந்து வாங்கிக்கோங்க."

"பயத்துக்கு வழி கேட்டா மிட்டாய்க் கதை பேசுதீங்க."

கோச் டப்பாவை மூடினார்.

நான்கு மணிக்குத் துப்பாக்கி வெடித்தது.

அதன் பிறகு ரோஸ்லினுக்கு நினைவில் இருப்பது ஒன்றுதான். மெத்தை 'தொம்' என்றது. மோதிய வேகத்தில் மல்லாந்து விழுந்தாள். எழுந்தவள் முடிவு காட்டும் திரையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து முதல் வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"கோச், மிட்டாய்!"

கோச் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். திரையைக் கைகாட்டினார். இரண்டாவது வரியில் ரோஸ்லினின் பெயர். வெள்ளிப் பதக்கம்.

"அதை அப்புறம் பாக்கேன். மிட்டாயைக் குடுங்க."

கோச் டப்பாவைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"நீங்க பாதி தூரம் வரும்போதே தின்னுட்டேன்க்கா. பயத்துல."