மேட்டுக்கு வராத குப்பை

குப்பைக் கதை என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம். இதில் நாற்றம் குறைவு, சிக்கல்தான் அதிகம். பராக்குப் பார்க்காமல் கேட்டுவந்தால், கடைசியில் நான் கேட்கப்போகும் கேள்விக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

பூவாணிக்குளம் என்றொரு பேரூராட்சி. அதன் தலைவி மரகதம். ஊர்க்குப்பை முழுவதும் ஊருக்குக் கிழக்கே ஒரு மேட்டில் குவிந்துகிடந்தது. மேட்டை ஒட்டிய குடியிருப்பில்தான் மரகதத்தின் தங்கை வேலம்மாளின் வீடு. மேட்டில் தீப்பிடித்தால் லேசில் அணையாது. புகையெல்லாம் அவள் வீட்டுக்குள்தான். அவள் மகளோ தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டிய நேரம். "இந்தப் புகையிலயா பச்சைப் பிள்ளைய வச்சுக்கப் போறீங்க?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டுவிட்டார்கள். வேலம்மாள் அக்காவிடம் வந்து கண்ணைக் கசக்கினாள்.

"அவ வர்றதுக்குள்ள அந்த மேட்டுக்கு ஒரு வழி பண்றேன். நீ போய் நிம்மதியா தூங்கு" என்று வாக்குக் கொடுத்தாள் மரகதம்.

மன்றத்தில் மூன்று உறுப்பினர்கள் மூன்று வழி சொன்னார்கள். தெருமுனையில் பெரிய தொட்டி வைத்தால் போதும் என்றார் குருசாமி. காலையில் தள்ளுவண்டி வீட்டுவாசலுக்கு வர வேண்டும், மக்குவதையும் மக்காததையும் வீட்டுக்காரர்களே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றார் அனிபா. ஜோசப் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். "காலையில எல்லாரும் ஓட்டமா ஓடுறாங்க. குப்பை பிரிக்க எவனுக்கு நேரம்? பொழுது சாய்ஞ்சதும்தான் வீட்டுல ஆள் இருக்கும். அப்ப பாட்டுப் போட்டுக்கிட்டு பேட்டரி வண்டி வரட்டும்" என்றார். மூவரும் பிடித்த பிடியை விடவில்லை.

மரகதம் ஒரு தீர்ப்புச் சொன்னாள். மூன்று முறையையும் மூன்று தெருக்களில் ஒரு மாதம் நடத்திப் பார்ப்பது. "எந்தத் தெருவிலிருந்து மேட்டுக்குக் குறைவாக வருகிறதோ, அந்த முறைதான் ஊருக்கெல்லாம். இதில் நான் பேச்சு மாறமாட்டேன்." எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ஜோசப்பின் மாலை வண்டி மரகதம் குடியிருந்த தெருவுக்கே வந்தது.

மாதம் முடிந்தது. குருசாமியின் தொட்டியை நாய்கள் கிளறிப்போட, மேட்டுக்கு வழக்கம்போலவே வந்து சேர்ந்தது. அனிபாவின் தெருவில் காய்த்தோல் உரக்குழிக்கும் பாட்டில் பழைய சாமான் கடைக்கும் போக, மேட்டுக்கு வந்தது பாதிதான். ஆனால் அந்தத் தெருப் பெண்கள் அவரைக் கண்ட இடத்திலெல்லாம் பிடித்துக்கொண்டார்கள். "மீன் செதிலைத் தனியா எடு, கவரைத் தனியா கழுவுன்னா, நான் சோறு பொங்க வேண்டாமா?" ஜோசப்பின் தெருவிலோ ஒரு புகார் கிடையாது. வண்டி தேர்போல வந்து, ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பியது. "சிக்கனமான ஜனங்கம்மா உங்க தெரு" என்று ஜோசப் மீசையைத் தடவிக்கொண்டார்.

மரகதத்துக்கும் அதில் பெருமைதான். அந்தியில் விளக்கேற்றிக் கும்பிட்டு நிமிரும்போது தெருவில் வண்டிப் பாட்டுக் கேட்கும். பின்கட்டில் இருக்கும் குப்பை வாளியை ஒரு பார்வை பார்ப்பாள். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று அடுப்படிக்குள் போய்விடுவாள். காலையில் வாளி காலியாக இருக்கும். கணவர் சிதம்பரம் வாய்க்கால் பாலம் வரை நடக்கிறவர். மகள் கல்யாணத்தில் மிஞ்சிய ரோஸ் நிறத் தாம்பூலப் பை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு போவார், செய்தித்தாளோடு திரும்புவார். பொறுப்பான மனுஷன்.

மன்றக் கூட்டத்துக்கு முந்தின நாள் வேலம்மாள் முருங்கைக்காயோடு வந்தாள்.

"மேட்டுல லாரி வர்றது குறைஞ்சிருக்கா?" என்றாள் மரகதம்.

"குறைஞ்சிருக்குக்கா. ஆனா வாய்க்கால் தண்ணி நம்ம பக்கத்து மடையில அடைச்சு நிக்குது. கிணத்துத் தண்ணியே வாடை அடிக்குது. ஏதோ ரோஸ் கலர்ப் பையா வந்து சிக்குது." சொல்லிவிட்டு வேலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந்த மகராசன் போடுறானோ!" என்று வைதாள் மரகதம்.

மறுநாள் அனிபாவுக்கும் ஜோசப்புக்கும் சமமாகக் கை உயரும் என்பது தெரிந்த சேதி. குருசாமி எப்போதோ ஒதுங்கிவிட்டார். மரகதத்தின் கைதான் முடிவு செய்ய வேண்டும். சபை நடுவே சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் ஜோசப்பின் வண்டி ஊருக்கெல்லாம் வரும். மேட்டுக்கு மிகக் குறைவாக அனுப்பியது அந்தத் தெருதானே.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: மரகதம் யாருக்குக் கை தூக்குவது சரி? ஜோசப்புக்குத் தூக்காவிட்டால் அவள் சொல் தவறியவள் ஆவாளா?

விடை: அனிபாவுக்குத்தான், அதனால் அவள் சொல் தவறியவளும் ஆகமாட்டாள். விளக்கு வைத்த பிறகு வீட்டுக் குப்பையை வெளியே கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று அந்தத் தெருவே கொடுக்கவில்லை; மரகதம் உட்பட. மறுநாள் காலை எல்லா வீட்டுக் குப்பையும் பாலத்திலிருந்து வாய்க்காலில் விழுந்தது. வண்டியில் ஏறாத குப்பையை வண்டி குறைத்ததாக எப்படிக் கணக்கு வைப்பது? கூட்டத்தன்று காலை, பையோடு கிளம்பிய கணவரை, "அதை எங்க போடுறீங்க?" என்று மரகதம் முதல்முறையாகக் கேட்டாள். அவர் சொன்ன பதிலை ஒளிக்காமல் மன்றத்தில் சொல்லிவிட்டு, அனிபாவுக்குக் கை தூக்கினாள். அப்புறம் கணவரையும் கூட்டிக்கொண்டு போய், சேலையை இழுத்துச் செருகி மடையில் இறங்கினாள். ஒவ்வொரு ரோஸ் பையிலும் மகள் பெயர் அழியாமல் இருந்தது. "உனக்கு முதல்லயே தெரியும்தானே?" என்று தங்கையிடம் கேட்டாள். வேலம்மாள் கரையில் குனிந்து, அக்கா எடுத்துக் கொடுத்த பைகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தாள்.