பதினாலு ரீல் படம்

பூங்கரை சமஸ்தானத்து ராஜா விஜயபூபதிக்கு மனசில் ஒரு குறை. தாத்தா ஏரி வெட்டினார். ஊர் இன்னும் அவர் பேரைச் சொல்லித்தான் தண்ணீர் குடிக்கிறது. அப்பா கோபுரம் கட்டினார். இவர் இருபது வருஷமாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்காக யாரும் தன்னை நினைத்துக்கொண்டிருக்கப் போவதில்லை என்பது அவருக்கே தெரியும்.

பேசும் படம் வந்த புதிது. நூறு வருஷம் நின்று தன் பேரைச் சொல்லும்படி ஒரு படம் எடுத்துவிடுவது என்று ராஜா முடிவு செய்தார். கதை எழுதும் வேலை அரண்மனைப் புலவர் நாகலிங்கக் கவிராயருக்கு. எடுக்கும் வேலை பட்டணத்திலிருந்து வந்த டைரக்டர் ரங்கமணிக்கு.

கவிராயர் மூன்று மாதம் உட்கார்ந்து கதை எழுதிக் கொடுத்தார். ரங்கமணி அதை வாங்கி விசிறிக்கொண்டார்.

"மகாராஜா, ஜனங்கள் கதை கேட்கவா கொட்டகைக்கு வருகிறார்கள்? நாற்பது யானை, முப்பத்தாறு பாட்டு, ஏழு கத்திச் சண்டை. இதற்கு மேல் என்ன வேண்டும்?"

ராஜாவுக்கு யானை என்றால் உயிர். வேறொன்றும் வேண்டாம் என்றுதான் அவருக்கும் தோன்றியது. யானை குளித்துவிட்டு வந்த நாளில் யானைக் காட்சி, நடிகைக்குத் தொண்டை கட்டாத நாளில் பாட்டு என்று படம் வளர்ந்தது.

கவிராயருக்குப் பொறுக்கவில்லை. சபையிலேயே சொல்லிவிட்டார். "கதை இல்லாத படம் நிற்காது, மகாராஜா. இவர் தலையே இல்லாமல் கொண்டை முடிந்துகொண்டிருக்கிறார்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "ஓய் கவிராயரே, வெள்ளிக்கிழமை தர்பாரில் படம் போடுகிறோம். படத்தில் கதை இல்லை என்பதை ரங்கமணி தன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமை நீர் இந்தச் சமஸ்தானத்தை விட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். அன்றைக்குப் படம் ஓட்டும் மெஷின்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்."

"உட்காரட்டும், மகாராஜா. போகிற மனுஷர், ஆசைப்படுகிறார்" என்றார் ரங்கமணி.

வெள்ளிக்கிழமை வந்தது. படம் ஓடியது. முதலில் யானைகள் வந்தன. ராஜாவுக்குப் பரம சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் கெட்ட சேனாதிபதி கத்திக்குத்துப் பட்டு, படிக்கட்டில் உருண்டு செத்தான். ராஜா கை தட்டினார். இரண்டு பாட்டு கழித்து அதே சேனாதிபதி ஊஞ்சலில் உட்கார்ந்து பால் குடித்தான்.

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரக்கண்ணால் திவானைப் பார்த்தார். திவான் லயித்துப் போயிருந்தார். சரி, செத்தவனுக்குத் தம்பியாக இருக்கும் என்று ராஜா மனசைத் தேற்றிக்கொண்டார். பிறகு கதாநாயகன் தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்கும் பிறகு கதாநாயகியை நந்தவனத்தில் பார்த்து, "பெண்ணே, உன் பெயர் என்ன?" என்று கேட்டான்.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. கேட்டால், ராஜாவுக்கே விளங்கவில்லை என்று சபை நினைக்குமே. பலமாகத் தலையை ஆட்டி வைத்தார். ரங்கமணி திரையையே பார்க்கவில்லை. ராஜாவின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆடும்போதெல்லாம், "பூத் தொடுத்த மாதிரி இல்லை, மகாராஜா?" என்றார்.

படம் முடிந்தது. கவிராயர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ரங்கமணி, படத்தில் ஏதாவது இடம் மாறியிருக்கிறதா?"

"மயிரிழைகூட மாறவில்லை."

"முதல் ரீலும் பதினாலாவது ரீலும்தான் உங்கள் வரிசைப்படி ஓடின. நடுவிலிருந்த பன்னிரண்டு ரீல் டப்பாவையும் நான் கண்ணை மூடிக்கொண்டு, கைக்கு வந்தபடி எடுத்துக் கொடுத்தேன்."

ராஜா திவான் பக்கம் மெல்லச் சாய்ந்தார். "அந்தச் சேனாதிபதி... உமக்கும் தம்பி என்றுதான் தோன்றியதா?"

"எனக்குப் பேய் என்று தோன்றியது, மகாராஜா."

ரங்கமணி லேசில் விடுகிற ஆளா? எழுந்து நின்றார். "இதுதான் மகாராஜா என் படத்தின் பெருமை. எந்த ரீலை எங்கே போட்டாலும் ஓடும்."

கவிராயர் அவருக்குப் பெரிய கும்பிடாகப் போட்டார். "நான் மூட்டை கட்ட வேண்டாம், மகாராஜா. முன்னுக்குப் பின் மாற்றிப் போட்டாலும் தெரியாது என்றால், அதில் கதை இல்லை என்றுதானே அர்த்தம். அவர் வாயாலேயே வந்துவிட்டது."

ராஜாவுக்கு, நூறு வருஷம் நிற்கும் என்று நம்பியது கண் முன்னாலேயே சரிந்ததில் அழுகைகூட வரப் பார்த்தது. "இவ்வளவு பாடுபட்டதற்கு இந்தப் படத்தால் ஜனங்களுக்கு ஒரு சௌகரியம்கூட இல்லையா, ஓய்?"

"ஏன் இல்லை, மகாராஜா? எப்போது வேண்டுமானாலும் கொட்டகைக்குள் வரலாம். எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம். என்ன, இந்த வரிசையையும் மாற்றிவிடுவார்கள். இரண்டாவதைத்தான் முதலில் செய்வார்கள்."

ராஜா ஒரு கணம் முறைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர், தலைப்பாகை நழுவி மடியில் விழும்வரை நிறுத்தவில்லை. கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் கவிராயரிடம் கொடுத்தார். படத்தை முதலிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். எது முதல் என்று எழுதி வைத்துக்கொண்டு.