நீலம் இறைத்த கிணறு

முன்னொரு காலத்தில் மல்லியங்கோட்டையைப் பூவராகன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் வயிறு சொன்னபடி ஆளுகிறவர். அரண்மனைச் சமையல் அலுத்துவிட்டால், முக்காடிட்டுக்கொண்டு செங்கமலத்தின் சோற்றுக்கடைக்கு வந்துவிடுவார். ஒருநாள் அங்கே உண்டு திரும்பியவருக்கு வயிறு கலங்கிப் போயிற்று.

ஊர்ச் சுத்தத்தைச் சோதிக்கும் அதிகாரி வல்லபராயருக்குக் கொண்டாட்டம். மந்திரி மருதவாணர்மேல் அவருக்குப் பொறாமை. மந்திரியும் அந்தக் கடையில்தான் சாப்பிடுவார்.

“அழுக்குக் கடை, மகாராஜா! மந்திரியார் மெச்சிய கடை!”

கதவில் அரக்கு முத்திரை விழுந்தது. பௌர்ணமிக்குள் குற்றமில்லையென்று காட்டாவிட்டால், செங்கமலம் பிள்ளைகளோடு ஊரைவிட்டே போகவேண்டும்.

அவளுக்குப் புரியவேயில்லை. பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்க்கிறாள். அடுப்படியை அன்றாடம் கழுவுகிறாள். பிறகு எது கெட்டது?

மருதவாணர் வந்து பானைகளை முகர்ந்தார். பின்கட்டுக் கிணற்றருகே நின்றார்.

“மதிலுக்கு அப்பால் என்னம்மா?”

“ராயரின் புது மாளிகை, சாமி. கழிவறை இந்தப் பக்கம்தான்.”

மறுநாள் சபையில் மந்திரி கேட்டார்: “ராயரே, உமது கழிவுக்குழி மாதிரி ஊரிலேயே கிடையாதாமே?”

“கருங்கல்லும் சுண்ணாம்புமாய்க் கட்டியது! ஒரு சொட்டு கசியாது.”

“ஒரு குடம் நீல அவுரிச் சாயம் கொட்டி, ஊருக்கே அதைக் காட்டலாமா?”

“ஒரு குடமென்ன, பத்துக் குடம்!” புகழ்ச்சியில் மிதந்த ராயர் தம் கையாலேயே கொட்டினார்.

செங்கமலம் தினமும் இறைத்துப் பார்த்தாள். தெளிந்த தண்ணீர்தான் வந்தது. நிலவோ வளர்ந்துகொண்டே போனது. பௌர்ணமியன்று காலையில் வாளி நீலமாக மேலே வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதைத்தானே பிள்ளைகளுக்கும் கொடுத்தோம்!

சேதி கேட்டு ராஜா, மந்திரியோடும் ராயரோடும் ஓடிவந்தார். “தண்ணீருக்கு ஏது இந்த நிறம்?”

மந்திரி ஒரு செம்பு மொண்டு ராயரிடம் நீட்டினார். “கசியாத குழிதானே? குடியும்.”

ராயரின் கை எழவில்லை. ராஜா மெதுவாகத் தம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “ஓய், அப்படியானால் அன்று நான் குடித்தது...”

முத்திரை உடைந்தது. ராஜாவின் முத்துமாலை மந்திரியின் கழுத்துக்கு வந்தது.

“இலை போடு செங்கமலம், பசிக்கிறது!”

“மன்னிக்கணும் மகாராஜா. அந்தக் குழியை மூடி, தெருக்கோடியில் புதுக்கிணறு வெட்டும்வரை இங்கே அடுப்பு எரியாது.”

ராஜா அவளைப் பார்த்தார். அணைந்த அடுப்பைப் பார்த்தார். பிறகு ராயர் பக்கம் திரும்பினார்.

“எடும் மண்வெட்டியை.”

பட்டு வேட்டியை மடித்துக்கட்டி, ராயர் தெருக்கோடியில் கிணறு வெட்டினார். குடைநிழலில் உட்கார்ந்திருந்த ராஜா, மண் ஈரமாகிவிட்டதா என்று நொடிக்கொருதரம் எட்டிப் பார்த்து, “சீக்கிரம் ஓய், பசி உயிர்போகிறது!” என்று அதட்டிக்கொண்டே இருந்தார்.